முதலில் சிரிப்பவர்

நான் பி.ஏ. தேறி ஆம்பூருக்குத் திரும்பியபோது என் தந்தையார் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மகன் தாலுகா கச்சேரியில் நாற்காலி போட்டு உட்காருவான் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. நான் விகடம் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. விகடம் என்றால் என்னவென்று எனக்கே தெரியாதது போல அதை விளக்கத் தொடங்கினார். ஒருவன் தனியாக மேடையில் நின்று, வேஷமும் வாத்தியமும் இல்லாமல், பல பேருடைய குரலில் பேசி, அவர்கள் நடப்பது போல் நடந்து காட்டி, சபையைச் சிரிக்க வைத்து, பிறகு பின்கட்டில் இலை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டிய தொழில் அது என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதைப் பின்னர் அனுபவத்தில் கண்டேன்.

எனக்கு அந்தத் தொழிலில் நம்பிக்கை பிறந்தது காட்பாடி ரயில் நிலையத்தில். விடுமுறைக்கு வரும் வழியில் ஒருநாள், ஓர் ஆடு டிக்கெட் பரிசோதகரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு நடைமேடை நெடுக ஓடியது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூசுகிறவர்கள், ஒரே பெஞ்சில் உட்காரத் தயங்குகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர், முதல் வகுப்புப் பயணி எல்லோரும் ஒரே கணத்தில் சிரித்தார்கள். சேர்ந்து உண்ண மறுக்கிறவர்களும் சேர்ந்து சிரிக்க மறுப்பதில்லை என்று அன்று எனக்குப் பட்டது. ஆடு தற்செயலாகச் செய்ததை மனிதன் ஒருவன் திட்டமிட்டு, ஊர் ஊராகச் செய்தால் என்ன என்று எண்ணினேன். அந்த வயதில் என்னால் எதையும் ஒரு சீர்திருத்தமாகவே எண்ண முடிந்தது.

ஆகவே என் விகடத்தில் விதிகள் பல இருந்தன. திக்கிப் பேசுகிறவரைப் போல் பேசுவதில்லை, நொண்டி நடப்பதில்லை, பிச்சை கேட்பவரையும் கூலிக்காரரையும் தொடுவதில்லை. ஒவ்வொரு துணுக்கையும் மேடைக்குக் கொண்டுபோவதற்கு முன், இதைக் கேட்டு வீட்டுக்குப் போகும்போது யாருடைய முகம் வாடியிருக்கும் என்று கேட்டுக்கொள்வேன். இப்படிச் சல்லடையில் சலித்ததில் எஞ்சியவை கொஞ்சம்தான். ஜோலார்பேட்டையில் ரயில் மூச்சு வாங்குவது, சாட்சியை மிரட்டப் போய்த் தானே குழம்பிவிடும் வக்கீல், தோல் பதனிடும் இடத்தைப் பார்வையிட வந்து மூச்சை அடக்கிக்கொண்டே பாராட்டுரை வழங்கும் கலெக்டர் துரை. துரையின் முகம் சிவந்து நீலமாகும் வரை நான் உண்மையாகவே மூச்சை விடமாட்டேன்.

என்னை முதலில் ஆதரித்தவர்கள் தோல் வியாபாரிகள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பல முஸ்லிம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பாட்டும் மேளமும் வைப்பதைப் பெரியவர்கள் விரும்பவில்லை. வெறும் பேச்சுக்கு ஆட்சேபணை இல்லை. வாத்தியம் இல்லாத என் தரித்திரமே அங்கே எனக்குத் தகுதியாயிற்று.

அந்த வாழ்க்கையின் தனிமையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கச்சேரிக்குப் போன வீட்டில் ஒரு புறத்து அறையைக் காட்டி என்னை இருக்கச் சொல்வார்கள். சாப்பாடு தாராளமாக வரும். உடன் உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் வரமாட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். விகடக்காரர் கேட்டதால் அதில் ஏதோ விகடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. தலைவலி என்று ஒருமுறை சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். நாளடைவில் மேடையேறும் வரை வாய் திறப்பதில்லை என்று பழகிக்கொண்டேன். மேடையில் அத்தனை குரலில் பேசிய நான், என் சொந்தக் குரலில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் ஊர் திரும்பிய நாட்கள் பல.

எனக்கு ஒரு துணைவர் இருந்தார். அவரைத் துணைவர் என்று வெளியில் சொல்ல முடியாது என்பதுதான் எங்கள் ஏற்பாடே.

குடியாத்தத்தில் நெசவுக்காரர் சங்கமொன்றின் ஆண்டு விழாவில், நான் மேடையேறிக் கால் மணி நேரமாகியும் சபை கல்லைப்போல் இருந்தது. வக்கீலைக் கொண்டுவந்தேன், பயனில்லை. அப்போது கூட்டத்தின் கடைசியில் ஒருவர் சிரித்தார். கரகரவென்று ஆரம்பித்து, நடுவே மூச்சு வாங்கி, மேலே ஏறி, இனிப் போதும் என்று நாம் நினைக்கும்போது இன்னொரு படி ஏறும் சிரிப்பு அது. முதலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு நிமிஷத்தில் கொட்டகை முழுவதும் என் வசமாயிற்று. கச்சேரி முடிந்ததும் அவரைத் தேடிப் பிடித்தேன். மாதனூர்ப் பக்கத்துக்காரர், பதனிடும் மண்டிகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்து, இடுப்பு வலியால் விட்டவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை பாய் என்று அழைத்தேன். அவர் என்னை பியே சார் என்றார். அதில் கொஞ்சம் கேலி இருந்தது.

அன்று முதல் அவர் என் கச்சேரிகளுக்கு வந்து, சபையில் யாரோ ஒருவராக உட்கார்ந்து, முதலில் சிரித்தார். அதற்கு நான் சன்மானம் கொடுத்தேன். இது ஒரு வகைப் பொய்யல்லவா என்று நான் நெடுநாள் யோசித்தேன். தோல் ஏலத்தில் விலையைக் கிளப்பிவிடுவதற்கென்று முதல் விலை கேட்க ஓர் ஆளை நிறுத்தி வைப்பார்கள். அதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று பாயிடமே கேட்டேன். ஏலத்தில் வாங்குகிறவனுக்கு நஷ்டம், இங்கே சிரிக்கிறவனுக்கு என்ன நஷ்டம் என்று அவர் திருப்பிக் கேட்டார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மனம் ஒப்பவும் இல்லை.

நாங்கள் சேர்ந்து வருகிறோம் என்று தெரிந்தால் ஏற்பாடு கெட்டுவிடும். ஆகவே ஒரே ரயிலில் வெவ்வேறு பெட்டிகளில் பயணம் செய்தோம். ஒரே தெருவில் ஒருவருக்குப் பின் ஒருவராக நடந்தோம். எதிரெதிரே வந்தால் அறியாதவர் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். என் விகடத்தை முழுவதும் அறிந்த, என் தவறுகளை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற ஒரே மனிதர், எந்த ஊரிலும் என்னோடு பேசக் கூடாதவராக இருந்தார். ஊர் எல்லை தாண்டிய பிறகு, ஆள் இல்லாத ஏதாவது ஒரு நிலையத்தில் என் பெட்டிக்கு மாறி வருவார். அப்போதும் அதிகம் பேசமாட்டார். துரை இன்று சீக்கிரம் மூச்சு விட்டுட்டாரு என்பார், அவ்வளவுதான்.

இப்படிச் சில ஆண்டுகள் போயின. என்னை ஒரு கேள்வி மெல்ல அரிக்கத் தொடங்கியது. பாய் சிரிக்காவிட்டால் இவர்கள் சிரிப்பார்களா? நான் சிரிக்க வைக்கிறவனா, அல்லது பாய் சிரிக்க வைக்கும்போது முன்னால் நின்று ஏதோ பேசுகிறவனா? அந்தச் சமயத்தில்தான் திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்த என் தமையனார் அங்கே ஒரு பள்ளியில் எனக்கு இடம் பேசி வைத்தார். அந்த வாரக் கடைசிக்குள் சேருவதாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். வேலை கௌரவமானது, நிரந்தரமானது, என் படிப்புக்கு ஏற்றது. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் எனக்கு ஒரே ஒரு கச்சேரி இருந்தது. வாணியம்பாடியில் ஒரு பெரிய தோல் வியாபாரி வீட்டில், கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பகல் விருந்து. அங்கே எடுபட்டால் அடுத்த பருவம் முழுவதும் அந்தச் சுற்றத்து வீடுகளில் எல்லாம் எனக்கு அழைப்பு உண்டு. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அன்று பாய் தொழிலாகச் சிரிக்கக் கூடாது. சபையில் ஒருவராவது தானாகச் சிரித்தால் விகடத்திலேயே இருப்பேன். யாரும் சிரிக்கவில்லையென்றால் மறுநாளே திருப்பத்தூர் போய்ப் பள்ளியில் சேர்ந்துவிடுவேன். இதை ரயிலில் பாயிடம் சொன்னேன்.

"நெருப்பு தானா பத்திக்குமா சார்? யாராவது ஊதணும்ல?" என்றார்.

ஒரு நாள் ஊதாமல் பார்க்க வேண்டும் என்றேன். உங்களுக்கே சிரிப்பு வந்தால்கூட அடக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"எனக்கு எங்க சார் வருது? நூறு தபா கேட்டாச்சு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, வாயில துணிய வெச்சு அடைச்ச மாதிரி குந்தியிருக்கேன். அப்புறம் பேஜாராப் போச்சுன்னு என்னச் சொல்லக் கூடாது," என்றார்.

அந்த வீட்டின் கூடம் விசாலமானது. விருந்து முடிந்து ஆண்கள் ஜமக்காளத்தில் சாய்ந்திருந்தார்கள். கூடத்தின் வலப்புறம் நெடுக சிக் என்னும் மூங்கில் தட்டி ஒன்று தொங்கியது. அதற்கும் பின்னால் துணித் திரை. அந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள். வளையல் ஓசையும் குழந்தைகளை அதட்டும் கிசுகிசுப்பும் கேட்டன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வீடுகளில் பெண்களும் விகடம் கேட்பார்கள், ஆனால் அவர்கள் குரல் இப்பால் வரக் கூடாது என்பது ஒழுங்கு. சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தாமதமாக வந்த பாய்க்கு இடம் கிடைத்தது அந்தச் சிக்கை ஒட்டிய தூணடியில்தான்.

ரயிலில் ஆரம்பித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள். வக்கீல் வந்து குழம்பிப் போனார். ஒருவர் கொட்டாவி விட்டார். துரை வந்தார். எப்போதும் துரை இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது பாயின் கரகரப்பு கேட்கும். அன்று துரையின் மூச்சடைப்பு எனக்கே உண்மையாகிவிட்டது. கண் இருண்டது. பாய் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்தபடி நடந்துகொண்டார். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரிய தந்தையார் இருந்தார். வெண்தாடி, கண்டிப்பான முகம், அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் பக்கத்தில் இருந்தவரோடு பட்டை விலை பேச ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்து வேலை முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு விடுதலையையும் தந்தது. இனி எந்தக் கச்சேரியைக் காப்பாற்ற வேண்டும்? என் விதிகளால் நெடுநாள் அடக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்தேன். அது எங்கள் வீட்டிலேயே நான் நாள்தோறும் கண்டது.

தோல் மண்டியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நான் அவர் நடையை நடந்தேன். அவர் உள்ளே நுழைந்ததும் வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து, முகர்ந்து, வேறு வீடு பார்த்துப் போகிறது. குழந்தை தொட்டிலில் மறுபுறம் திரும்பிப் படுக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காலை முதல் சுண்ணாம்புத் தொட்டிக்கும் பச்சைத் தோல் குவியலுக்கும் நடுவே நின்றவர் அவர். கம்பீரமாக வந்து சாப்பிட உட்காருகிறார். மனைவி குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைக்கிறாள். மூடியைத் திறக்கிறார். முகர்கிறார். மூக்கைச் சுளிக்கிறார். மனைவியை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்:

"இன்னா இது, கொழம்புல ஏதோ வாசன வருது?"

சிக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

அது இளம் குரல். அடக்கிப் பார்த்து, முடியாமல், உடைந்து வந்த சிரிப்பு. நானும் வாழ்நாளில் எவ்வளவோ சிரிப்புகளைக் கேட்டிருக்கிறேன். அதைப் போல் ஒன்றைக் கேட்டதில்லை. அந்த ஒரு கணம் என் உள்ளம் நிறைந்து வழிந்தது என்றால் மிகையில்லை. அடுத்த கணம் கூடத்தின் முகங்களைப் பார்த்தேன். பட்டை விலை நின்றிருந்தது. பெரியவரின் தலை மெதுவாகச் சிக்கின் பக்கம் திரும்பியது. அப்பால் வளையல் ஓசைகூட இல்லை. அந்நிய ஆண்கள் நிறைந்த சபையில் அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் குரல் கேட்டுவிட்டது. அதுவும் வீட்டு ஆண்களைப் பற்றிய கேலிக்கு. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்த மணப்பெண்ணாகக்கூட இருக்கலாம். அவளுக்கு அன்று மாலையும் அதன் பின்னும் என்ன நேரும் என்பதை நான் எண்ணி முடிப்பதற்குள், பெரியவர் கேட்டார்:

"யார் சிரிச்சது?"

தூணடியிலிருந்து இன்னொரு சிரிப்பு எழுந்தது. கீச்சுக் குரலில், பெண் குரல் போலவே தொடங்கி, பாதியில் கரகரத்து, மேலே ஏறி, மூச்சு வாங்கி மறுபடி ஏறியது. எல்லோரும் திரும்பினார்கள். பாய் எழுந்து நின்றார்.

"நான்தான் ஹஸ்ரத். மன்னிச்சிக்கணும். சின்ன வயசுலேர்ந்து எனக்குச் சிரிப்பு ஆரம்பத்துல பொம்பளக் குரலாத்தான் வரும். எங்க அம்மா அடிச்சும் பாத்துச்சு, மாறல," என்று சொல்லி, இன்னொரு முறையும் சிரித்துக் காட்டினார்.

பெரியவர் அவரை உற்றுப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு விருந்தாளி, இந்த ஆளைக் குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் இதே விகடக்காரருடைய கச்சேரியில் பார்த்திருப்பதாகவும், அங்கேயும் முதலில் சிரித்தது இவர்தான் என்றும் சொன்னார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பாய் தயங்கவே இல்லை.

"ஆமாங்க. இவருக்குச் சிரிக்கத்தான் காசு வாங்கறேன். இன்னிக்கிக் கொஞ்சம் ஜாஸ்தி தர்றேன்னாரு. அதான் சத்தமா வந்துடுச்சு."

கூடம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. விகடக்காரன் தன் சிரிப்பைத் தானே மூட்டை கட்டிக் கொண்டுவருகிறான் என்று ஒருவர் உரக்கச் சொன்னார். சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். பெரியவர் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, நிஜமா என்று கேட்டார்.

இன்று இவர் சிரிக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன் என்ற ஒரே வாக்கியம் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கும். அதே வாக்கியம் எல்லோருடைய பார்வையையும் மறுபடி சிக்கின் பக்கம் திருப்பியிருக்கும். படித்த படிப்பில் வேறெது பயன்பட்டதோ இல்லையோ, ஒரு சொல்லின் விளைவை அதைச் சொல்வதற்கு முன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அன்று பயன்பட்டது.

"நிஜம்தான் ஐயா. இவர் சிரிக்காவிட்டால் எனக்கு ஒருவரும் சிரிப்பதில்லை," என்று கைகூப்பினேன்.

பெரியவரின் தாடி அசைந்தது. அவரும் சிரித்துவிட்டார். காரியம் அத்துடன் முடிந்தது. எனக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து, ஒரு சால்வையும் போர்த்தி அனுப்பினார்கள். விடைபெறும்போது நான் குனிந்தேன், அதற்கும் சிரித்தார்கள்.

நிலையத்தில் பாய் நேராக வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. இந்த விஷயம் ஒரு வாரத்தில் வேலூர் வரை போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தோல் வியாபாரிகளுக்குள் செய்தி சரக்கைவிட வேகமாகப் போகும். இனி எந்தச் சபையிலும் அவர் யாரோ ஒருவராக உட்கார முடியாது. எனக்கும் அந்தச் சுற்றத்தில் அழைப்பு வராது.

நான் மெதுவாகக் கேட்டேன். உங்களுக்கு முன்னால் சிரித்தது யார்?

"யாரும் இல்ல. ரெண்டும் நான்தான்."

என் காதில் விழுந்தது பாய். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கும். எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள் என்றேன். என் குரலில் கெஞ்சல் இருந்தது. எத்தனையோ நாள் தேடிய ஒன்றுக்கு அவர் ஒருவர்தான் சாட்சி.

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஒருத்தர்கிட்ட மட்டும்னு நான் சொல்வேன். நீங்க சந்தோஷத்துல இன்னொருத்தர்கிட்ட மட்டும்னு சொல்வீங்க. அது எங்க போய் நிக்கும்? அங்க யாரும் சிரிக்கல சார். அவ்ளோதான்."

நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதி கூற வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். மாதனூர்ப் பக்கம் ஒரு மண்டியில் பட்டை நிறுக்க ஆள் தேடுவதாகவும், அங்கே கேட்டுப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். ஆம்பூரில் நான் இறங்கினேன். அவர் அதே வண்டியில் போனார்.

மறுநாள் திருப்பத்தூர் போனேன். தமையனாருக்குச் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவர் நல்லவர், என்மீது அவருக்கு இருந்தது இரக்கம். அண்ணி இலை போட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சேரப் போவதில்லை, விகடத்திலேயே இருக்க முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னதும், பிசைந்த சோறு தமையனாரின் கையிலேயே நின்றது.

"நேத்து ஊரே சிரிச்சுதாமே உன்னப் பாத்து," என்றார். "கூலிக்கு ஆள் வெச்சுச் சிரிக்க வைக்கற தொழில் எதுக்குடா? உன் விகடத்துக்குக் காசு வாங்காம ஒருத்தராவது சிரிச்சிருக்காங்களா?"

"சிரிச்சிருக்காங்க."

"யாரு?"

அண்ணி குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். தமையனார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, என் மௌனத்துக்கு அவருக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடும்படி அண்ணிக்குச் சைகை செய்தார். பள்ளிக்கூடத்து இடத்துக்கு அடுத்த வாரம் வேறொருவர் போய்ச் சேர்ந்தார்.